நெல்லில் புதைத்த சொடக்குத் தக்காளி

அங்கன்வாடித் தராசில் என் மகள் ஒன்பது கிலோ நானூறு கிராம் இருந்தாள். அப்போது அவளுக்கு இரண்டு வயது எட்டு மாதம். அட்டையில் புள்ளி வைத்த ஆசிரியை, அந்தப் புள்ளி மஞ்சள் பட்டையில் விழுந்ததை விரலால் காட்டி, "பயப்படாதீங்க. ஆனா அப்படியே விட்டுடவும் செய்யாதீங்க" என்றார். பயப்படாமல் எப்படிக் கவனமாக இருப்பது என்று எனக்கு அன்றைக்கும் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியவில்லை.

அட்டையை ஒளித்து வைத்திருக்கலாம். மாமியார் கேட்டால் காட்டாமல் இருப்பது தப்பு என்று நினைத்து, அவர் கேட்பதற்கு முன்பே காட்டினேன்.

"ஒன்பது கிலோவா?" என்றார். "நம்ம கொல்லையில மேயுற வான்கோழி பத்து கிலோ இருக்கும். அதுக்கு யாரு பி.எஸ்சி. படிச்சுட்டு வந்து ஊட்டுனா?"

நான் விலங்கியல் படித்து, பி.எட். முடித்து, பூதலூருக்குப் பக்கத்தில் இருக்கும் இந்த ஊருக்கு மருமகளாக வந்தவள். கணவர் மஸ்கட்டில் இருக்கிறார். மாமியாரும் நானும் குழந்தையும் வயலும்தான் வீடு. மாமியாருக்கு ஒரே மகள், திருச்சியில் இருக்கிறார். எனக்கு நாத்தனார், நான் அண்ணி என்று கூப்பிடுவேன். அண்ணிக்கு இரண்டு பையன்கள், இருவரும் கன்னம் தொங்கத் தொங்க வளர்ந்தவர்கள். எங்கள் வீட்டில் குழந்தை வளர்ப்பு என்றால் அந்தக் கன்னங்கள்தான் உதாரணம்.

அன்று மாலையே போன் ஸ்பீக்கரில் போடப்பட்டது.

"பாப்பாவ என்கிட்ட ஒரு வருஷம் விடு" என்றார் அண்ணி. "இங்கேயே ப்ளே ஸ்கூல்ல சேர்த்துடறேன். கண்ணுல ஒத்திக்கற மாதிரி ஆக்கித் தர்றேன். நீ வேணும்னா ஞாயித்துக்கிழமை வந்து பாத்துட்டுப் போ."

வேணும்னா. அந்தச் சொல் எனக்குள் முள்ளாக நின்றது. கணவரிடம் சொன்னேன். "அக்கா நல்லதுக்குத்தானே சொல்லுது? பிள்ளை தேறணும்ல" என்றார். கடைசியில் மாமியார் ஒரு முடிவு சொன்னார். பள்ளிக்கூடம் திறப்பதற்குள் அங்கன்வாடித் தராசில் பத்து கிலோ காட்ட வேண்டும். காட்டாவிட்டால் குழந்தை திருச்சிக்குப் போகும். பங்குனி பிறந்திருந்தது. எனக்குக் கிடைத்தது மூன்று மாதம், அறுநூறு கிராம்.

அதற்குப் பிறகு நான் செய்தவற்றை எழுதக் கூச்சமாக இருக்கிறது. குழந்தையை இரண்டு முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு ஊட்டியிருக்கிறேன். மூக்கைப் பிடித்தால் மூச்சுக்காக வாய் திறப்பாள், அந்த நொடியில் ஒரு கரண்டி சோற்றை உள்ளே தள்ளியிருக்கிறேன். துப்பியதை வழித்து மறுபடியும் ஊட்டியிருக்கிறேன். அவள் அழுவாள், நானும் அழுவேன், மாமியார் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டுவார். குழந்தை என் கையில் கிண்ணத்தைப் பார்த்தாலே உதட்டை உள்ளே இழுத்து மடித்துக்கொள்வாள். தேங்காய் எண்ணெய் தடவிய அந்தச் சின்ன முகத்தில் வாய் என்று ஒன்று இல்லாமலே போய்விடும்.

அந்த மாதம்தான் எங்கள் வயலில் உளுந்து பிடுங்கினார்கள். தை அறுவடைக்கு ஒரு வாரம் முன்பு, நிற்கும் நெல்லுக்குள்ளேயே உளுந்தைத் தெளித்துவிடுவது இங்கே வழக்கம். கதிர் அறுக்கும் மெஷின் போன பிறகு மிச்ச ஈரத்தில் அது வளர்ந்துவிடும். உளுந்தோடு களையும் வளரும். ஆட்களுக்கு டீ கொடுக்கக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு போனேன். எதற்கும் இருக்கட்டும் என்று இட்லிக் கிண்ணத்தையும் எடுத்துப் போயிருந்தேன்.

தெற்குத் தெருவிலிருந்து வேலைக்கு வரும் ஒருத்தி, என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவள், நான் இட்லியோடு போராடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவளுடைய மாமனார் காலத்தில் அந்தக் குடும்பம் எங்கள் வயலில் பண்ணை வேலை பார்த்தது. இப்போது அவளுக்கென்று அரை ஏக்கர் குத்தகை நிலம், இரண்டு கறவை மாடு, பாலிடெக்னிக் படிக்கும் மகன். வேலைக்கு ஆள் கிடைக்காத நாளில் மாமியாரே போன் போட்டுக் கூப்பிடுவார். நான் வயலில் அவளை அக்கா என்பேன். வீட்டு வாசலில் மாமியார் இருந்தால் வெறும் "இங்க பாருங்க" என்பேன்.

"சின்னம்மா, பாப்பா வாய மூடிக்கிட்டேதான் பொறந்துச்சா?" என்றாள். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள்.

அவள் ஒரு களைச்செடியின் அடியிலிருந்து எதையோ பொறுக்கினாள். காகிதம் மாதிரி உப்பிய, வைக்கோல் நிறக் கூடு. அதன் வாயைப் பிடித்துக்கொண்டு குழந்தையின் நெற்றியில் அடித்தாள். பட்டென்று சொடக்கு விழுந்தது. குழந்தை திடுக்கிட்டு, பிறகு வாய் கொள்ளாமல் சிரித்தாள். அந்த வாய்க்குள் இன்னொரு கூட்டை உரித்து, மஞ்சள் முத்து மாதிரி இருந்த பழத்தைப் போட்டாள் அவள். குழந்தை மென்றாள். விழுங்கினாள். கையை நீட்டினாள்.

பன்னிரண்டு பழம். எண்ணினேன். இரண்டு வயது முடிந்த பிறகு அவள் தானாகக் கை நீட்டிக் கேட்ட முதல் சாப்பாடு அது.

"சொடக்குத் தக்காளிம்மா. எங்க வீட்டுல மூணும் இதைத் தின்னுட்டுத்தான் பள்ளிக்கூடம் போச்சுங்க" என்றாள்.

நான் மகிழ்ந்திருக்க வேண்டும். கழுவாத பழம், களைக்கொல்லி பட்டிருக்குமோ, தொண்டையில் சிக்குமோ, நாளைக்குக் காலையில் என்ன ஆகுமோ என்று நடுங்கினேன். எதுவும் ஆகவில்லை. மறுநாள் போனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து படித்தேன். இதன் சொந்தக்காரப் பழம் ஒன்றைப் பெரிய ஊர்களில் கூட்டோடு டப்பாவில் அடுக்கி விற்கிறார்கள் என்பது தெரிந்தது. வைட்டமின் சி இருக்கிறது, உடம்பில் வைட்டமின் ஏ ஆக மாறும் மஞ்சள் சத்து இருக்கிறது, நார் இருக்கிறது, கொஞ்சம் இரும்பும் இருக்கிறது. இதனால் மட்டும் எடை ஏறாது என்பதும் எனக்குப் புரிந்தது. ஆனால் இந்தப் பழத்துக்காக வாய் திறப்பவள், அதோடு சேர்த்துத் தரும் தயிர்சாதத்துக்கும் திறப்பாளே. ஒரு வாய் சோறு, ஒரு பழம். ஒரு வாய் நெய் போட்ட பருப்பு, ஒரு பழம். அப்படித்தான் என் கணக்கு போயிற்று.

கத்தரிக்காய், தக்காளி வகையைச் சேர்ந்தது இது. பழுக்காத காயிலும் அந்தக் கூட்டிலும் செடியிலும் நஞ்சு உண்டு என்றும் படித்தேன். இதை நான் படித்தேன் என்பதை இங்கே எழுதியாக வேண்டும். தெரியாமல் செய்தேன் என்று யாரும் என்னை மன்னிக்க வேண்டாம்.

நான் படித்ததை வயலில் அந்த அக்கா தன் மொழியில் சொன்னாள். "செடியில தொங்கறதத் தொடாதீங்க சின்னம்மா. தானா உதிர்ந்ததத்தான் பொறுக்கணும். உதிர்ந்ததுலயும் உரிச்சுப் பாருங்க. மஞ்சளா இருந்தா பாப்பாவுக்கு, பச்சையா இருந்தா குப்பைக்கு. ஆடுகூட அதை மோந்துட்டுப் போயிரும்."

சேமிப்பது பற்றி நானே தவறித் தவறிக் கற்றேன். முதல் தடவை எல்லாவற்றையும் உரித்து, கழுவி, பிளாஸ்டிக் டப்பாவில் மூடி ஃப்ரிட்ஜில் வைத்தேன். மூன்றாம் நாள் வெள்ளைப் பூஞ்சை. இரண்டாவது தடவை கூட்டோடு பிளாஸ்டிக் பையில் கட்டினேன், பை உள்ளே வியர்த்துக் கூடு கறுத்துவிட்டது. கூட்டை உரிக்காமல், கழுவாமல், மூங்கில் தட்டில் ஒற்றை அடுக்காகப் பரப்பிக் காற்றுப் படும் இடத்தில் வைத்தால் வாரக்கணக்கில் கெடவில்லை. அந்தக் கூடுதான் அதற்கு டப்பா. தின்னும் நேரத்தில் உரித்துக் கழுவினால் போதும். பழத்தின் மேல் பிசுபிசுப்பாக ஒன்று இருக்கும், வெதுவெதுப்பான நீரில் போய்விடும். நாளாக நாளாகப் புளிப்புக் குறைந்து இனிப்பு ஏறியது.

உளுந்து முடிந்த பிறகு வயலில் செடி காய்ந்துவிட்டது. வாய்க்கால் கரையில் மட்டும் ஈரம் இருந்ததால் அங்கே பச்சையாக நின்றது. அவள் மாட்டுக்குப் புல் அறுக்க எங்கள் வரப்புக்கும் வாய்க்கால் கரைக்கும் தினம் வருவாள். போகும்போது முந்தானையில் முடிந்த பழத்தைக் கொல்லை வேலி வழியாக நீட்டுவாள். குழந்தை அவளை "பழத்து அத்தை" என்று கூப்பிட ஆரம்பித்தாள்.

அது ஒரு நாள் மாமியார் காதில் விழுந்தது.

"அத்தையாமில்ல, அத்தை! திருச்சியில இருக்கறவதான் உனக்கு அத்தை" என்று குழந்தையிடம் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "தெற்குத் தெருப் பிள்ளைங்க வரப்புல பொறுக்கித் தின்னுறத என் பேத்திக்கு ஊட்டுறியா? நாளைக்கு அதுங்களோட சேந்து அவளும் பொறுக்கப் போவா. படிச்ச பொண்ணு வேணும்னு தேடிக் கட்டுனேனே, என்னையச் சொல்லணும்."

மூங்கில் தட்டைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிக்கொண்டேன். சித்திரையில் எடை ஒன்பது எழுநூறு. வைகாசி நடுவில், மருந்துக்கடைத் தராசில் நானாகப் போட்டுப் பார்த்தபோது ஒன்பது கிலோ எண்ணூற்று ஐம்பது. ஒரு கோதுமை மாவுப் பொட்டலம்கூட இல்லை மிச்சம்.

அந்த வாரம் அவள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று சொன்னாள். "மேட்டூர் தெறக்கறதுக்குள்ள தூர் வாருறாங்களாம். நாளைக்கு நம்ம வாய்க்காலுக்கு ஜேசிபி வருது. கரையெல்லாம் வழிச்சுட்டுப் போயிரும். உதிர்ந்தது பூராத்தையும் பொறுக்கிட்டேன் சின்னம்மா, இதை வெச்சு ஒப்பேத்துங்க." மடி நிறையக் கொடுத்தாள். ஒரு வாரத்துக்குக் காணும்.

எடை போடும் நாளுக்கு இன்னும் பதினோரு நாள் இருந்தது.

அவள் போன பிறகு நான் கட்டைப்பையை எடுத்துக்கொண்டு வாய்க்கால் கரைக்குப் போனேன். செடிகளில் பச்சைக் கூடுகள் விளக்கு மாதிரி தொங்கின. நாளைக்கு இயந்திரம் இவற்றை எல்லாம் சேற்றோடு அள்ளிவிடும். தொடாதீங்க என்று அவள் சொன்னது நினைவில் இருந்தது. ஆனால் எங்கள் வீட்டில் மாங்காயைப் பறித்து நெல்லில் புதைத்துத்தான் பழுக்க வைப்போம். வாழைத்தாரும் அப்படித்தான். காயாக வரும் எதையும் பழமாக்கித் தருவது நெல்லின் சூடு என்று நான்கு வருடமாக என் கண்ணால் பார்க்கிறேன். பெரியது சிறியது பார்க்காமல் எல்லாவற்றையும் பறித்தேன். சேமிப்பு அறையில் சாப்பாட்டு நெல் வைக்கும் தகர டிரம்மில், மாமியார் கை போகாத ஆழத்தில் புதைத்தேன்.

முதிர்ந்த காய்கள் சில நெல்லுக்குள்ளும் பழுத்திருக்கக் கூடும். பிஞ்சு பழுக்காது. மாங்காயிலேயே பிஞ்சு வெம்பித்தானே போகிறது? இதை நான் அன்றைக்கு யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. யோசித்து, வேண்டாம் என்று அந்த யோசனையைத் தள்ளிவைத்தேன்.

அவள் கொடுத்த பழம் தீர்ந்தது. அடுத்த இரண்டு நாள் குழந்தை மறுபடியும் உதட்டை மடித்துக்கொண்டாள். எடை போடுவதற்கு முந்தைய நாள் காலையில் டிரம்மைத் திறந்தேன். கூடுகள் எல்லாம் அழகாக வைக்கோல் நிறத்துக்கு வந்திருந்தன. என் மனம் துள்ளியது. ஒன்றை உரித்தேன். பழம் மஞ்சளாகவும் இல்லை, பச்சை என்று சொல்லவும் முடியவில்லை. இன்னொன்றை உரித்தேன். அது பச்சைதான். கடித்துப் பார்த்தேன், புளிப்புக்குப் பின்னால் ஒரு கசப்பு வந்தது.

சாதாரணமாக நான் குழந்தைக்குப் பாரசிட்டமால் ஊற்றுவதற்குக்கூட அளவை நான்கு தடவை பார்ப்பேன். அடுப்பை அணைத்தோமா என்று தெருமுனையிலிருந்து திரும்பி வருவேன். அப்படிப்பட்ட நான் அன்றைக்கு நாட்டுச் சர்க்கரை டப்பாவை எடுத்தேன். காய்களை உரித்து, கழுவி, கசப்புத் தெரியாமல் இருக்க நாட்டுச் சர்க்கரையில் புரட்டினேன்.

குழந்தை முதல் காயைத் துப்பினாள். "பழம்டா தங்கம், உன் பழம்தான்" என்றேன். என்னை நம்பினாள். ஒரு கை நிறையத் தின்றாள். அதோடு நெய் சாதமும் தின்றாள். நான் சந்தோஷமாகக் கிண்ணத்தை வழித்தேன்.

மதியத்துக்குள் வாந்தி. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டாள். நான்காவது வாந்தியில் தலை தொங்கிவிட்டது. வாடகைக் காரில் தஞ்சாவூருக்குப் போனோம். மாமியார் முன்னால் உட்கார்ந்து வழி முழுக்க என்னை ஏசிக்கொண்டே வந்தார். ஆஸ்பத்திரிக்கு அண்ணியும் திருச்சியிலிருந்து நேராக வந்துவிட்டார். குழந்தையின் கையில் நரம்பு கிடைக்காமல் மூன்று இடத்தில் குத்தினார்கள். அவளால் அழக்கூட முடியவில்லை.

"என்னம்மா சாப்பிட்டா?" என்று டாக்டர் கேட்டார்.

"சொடக்குத் தக்காளி. பழுக்காத காய்" என்றேன். அதில் பொய் சொல்லவில்லை. மருத்துவத்துக்கு வேண்டியதைச் சரியாகச் சொன்னேன்.

"காயை யாரு குடுத்தா?"

டாக்டர் அதைக் கேட்கவில்லை. அண்ணி கேட்டார். கையில் காரின் சாவி இருந்தது. குழந்தையின் துண்டு, பால் பாட்டில், மாற்றுத் துணி எல்லாம் இருந்த பையை அதற்குள் அவர் தன் தோளில் மாட்டியிருந்தார். அந்தப் பையைப் பார்த்துக்கொண்டே நான் சொன்னேன்.

"புல்லறுக்க வர்ற அந்த அம்மா. நான் உள்ள வேலையா இருந்தேன். வேலி வழியா குடுத்திருக்காங்க."

சொல்லி முடித்தபோது பயம் இறங்கிவிட்டது. காய்ச்சல் விடுகிற மாதிரி உடம்பு லேசானது. அதுதான் இதில் எனக்கு இன்றுவரை புரியாத விஷயம்.

ஒரு நாள் சொட்டு மருந்து ஏறியது. குழந்தை பிழைத்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்த மறுநாள் காலையில் மாமியார் புல்லறுக்க வருகிறவளைக் கூப்பிட்டு அனுப்பினார். அவள் அரிவாளும் சாக்குமாக, புல்லுக்குப் போகிற வழியில் வந்தாள். விஷயம் தெருவில் பரவி அவளுக்கும் எட்டியிருந்தது. முகம் வெளிறிப் போயிருந்தது.

"பெரியம்மா, சாமி சத்தியமா நான் காய் குடுக்கல. நான் குடுத்தது ஜேசிபி வந்ததுக்கு முந்தின நாள். அத்தனையும் உதிர்ந்த பழம். காயத் தொடாதீங்கன்னு சின்னம்மாகிட்ட நானே எத்தனை தடவை சொல்லியிருக்கேன். கேளுங்க அவங்கள."

என்னைப் பார்த்தாள். அண்ணி திண்டில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், அவருடைய பெட்டி இன்னும் கூடத்திலேயே இருந்தது. நான் மகளைத் தூக்கி வைத்திருந்தேன். அவள் கன்னம் என் தோளில் கிடந்தது. அவளிடம் குனிந்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கேட்டேன்.

"பாப்பா, இவங்கதானே உனக்குக் குடுத்தாங்க? பழத்து அத்தைதானே?"

பங்குனியிலிருந்து அவளுக்குப் பழம் கொடுத்தது அந்த அத்தைதான். குழந்தை தலையை ஆட்டினாள்.

"பச்சப்புள்ள பொய் சொல்லுமாடி?" என்று மாமியார் எழுந்தார். "உங்க வீட்டுப் பிள்ளைங்க வயிறு கல்லு. எதைத் தின்னாலும் செரிக்கும். என் பேத்திய உங்க கூட்டத்துல ஒண்ணுன்னு நெனச்சியா? இனிமே என் வரப்புல உன் கால் பட்டுச்சு, பாத்துக்க. புல்லும் கிடையாது, வேலையும் கிடையாது. வாய்க்கா கரைப் பக்கமே உன் தலை தெரியக் கூடாது."

அவள் சாக்கைக் கீழே வைத்தாள். என்னையே பார்த்தாள். "சின்னம்மா, ஒரு வார்த்தை" என்றாள். கெஞ்சலாகச் சொல்லவில்லை, ஞாபகப்படுத்துகிற மாதிரி சொன்னாள். நான் குழந்தையைத் தூங்கவைக்கப் போகிறேன் என்று உள்ளே போனேன்.

எடை நாள் ஆஸ்பத்திரியில் கழிந்துவிட்டதால் அதற்குப் பிறகுதான் எடை போட்டார்கள். ஒன்பது கிலோ முந்நூறு. முதல் அட்டையில் இருந்ததைவிட நூறு கிராம் குறைவு. ஆனால் அண்ணி தனியாகத்தான் திருச்சிக்குப் போனார். "அந்தப் பாவி மட்டும் காயைக் குடுக்காம இருந்தா இந்நேரம் பத்தைத் தாண்டியிருக்கும். இவளும் பாவம், எவ்வளவு பாடுபட்டா" என்று மாமியார் ஊரெல்லாம் சொன்னார். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவர் வாயால் எனக்குக் கிடைத்த முதல் நல்ல வார்த்தை அது.

ஆடி மாதம் நெல் அவிக்க டிரம்மைக் கவிழ்த்தோம். நான் மறந்திருந்தேன். நம்ப முடியாதுதான், ஆனால் உண்மையாகவே மறந்திருந்தேன். நெல்லோடு சுருங்கிக் கறுத்த கூடுகள் ஐம்பது அறுபது உருண்டு தரையெங்கும் ஓடின. மாமியார் ஒன்றை எடுத்துக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தார். உரித்தார். உள்ளே காய்ந்த காய் பச்சையாகவே இருந்தது. என்னைப் பார்த்தார். கத்தப் போகிறார் என்று சுவரோடு ஒட்டிக்கொண்டேன்.

"மாங்காதான் நெல்லுல பழுக்கும்" என்றார் நிதானமாக. "இது பழுக்காது. இதையெல்லாம் காலேஜுல சொல்லித் தர மாட்டாங்க போல."

விளக்குமாற்றால் எல்லாவற்றையும் கூட்டி அடுப்பில் போட்டார்.

எனக்கு எங்கிருந்தோ தைரியம் வந்தது. "அத்தை, அந்த அம்மாவ மறுபடியும் புல்லுக்கு வரச் சொல்லலாமா?" என்றேன்.

"வரச் சொன்னா, நான் தெருவுல கத்துனதெல்லாம் பொய்னு ஆயிரும். உனக்கு அவ வரணுமா, பிள்ளை இருக்கணுமா? சொல்லு, இப்பவே திருச்சிக்குப் போன் போடறேன்."

நான் நெல்லை அள்ள ஆரம்பித்தேன். அன்றிலிருந்து அவர் என்னை ஏசுவதைக் குறைத்துக்கொண்டார். ஏதாவது எனக்குப் பிடிக்காமல் முகம் சுருங்கினால் மட்டும், போன் எங்கே வைத்தேன் என்று சும்மா தேடுவார். நான் முகத்தைச் சரிசெய்துகொள்வேன். கணவருக்கும் அண்ணிக்கும் இன்றுவரை தெரியாது.

வரப்புப் புல் இல்லாமல் இரண்டு மாட்டை வைத்துத் தீனி போட முடியாது. ஆவணியில் ஒரு மாட்டை அவள் விற்றுவிட்டாள் என்று பால்காரர் சொல்லிக் கேட்டேன். நல்ல பால் மாடு அது என்றும் சொன்னார். நான் அவரிடம் அரை லிட்டர் கூடுதலாகக் கேட்டு வாங்கிக்கொண்டு உள்ளே வந்தேன்.

இது நடந்து ஒன்றரை வருடம் ஆகிவிட்டது. மகள் இப்போது எல்.கே.ஜி. போகிறாள். எடை பதின்மூன்று கிலோ. சாப்பிடுகிறாள். சும்மா வயது ஏறியதால்தான் சாப்பிடுகிறாளோ, எதுவுமே செய்யாமல் விட்டிருந்தாலும் இந்த எடை வந்திருக்குமோ என்று சில சமயம் தோன்றும். அதற்கு மேல் அதை யோசிக்க மாட்டேன்.

போன மாதம் ஒரு நாள் மினி பஸ்ஸில் வந்துகொண்டிருந்தோம். மகள் என் மடியில் இருந்தாள். ஒரு நிறுத்தத்தில் அந்தப் பழத்து அத்தை ஏறினாள். இடம் இல்லாததால் எங்கள் சீட்டுக்குப் பக்கத்திலேயே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இளைத்திருந்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். மகள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அம்மா, இவங்கதானே எனக்கு விஷக்காய் குடுத்தாங்க? பாட்டி சொன்னாங்களே, நான் செத்துப் போயிருப்பேன்னு."

முன் சீட்டில் இருந்த இரண்டு பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். மகளுக்கு அந்தக் காலையில் நெற்றியில் விழுந்த சொடக்கு ஞாபகம் இல்லை, வேலி வழியாக நீண்ட கை ஞாபகம் இல்லை. நாங்கள் சொல்லிச் சொல்லிக் கொடுத்தது மட்டும்தான் இருக்கிறது.

"சொல்லுங்க சின்னம்மா. பாப்பா கேக்குதுல்ல" என்றாள் அவள்.

'இல்லடா, நான்தான் கொடுத்தேன்.' மூன்றே சொல். சொன்னால் மகள் இதே கணீர்க் குரலில் வீட்டில் சொல்வாள், போனில் அப்பாவிடம் சொல்வாள், திருச்சிக்குச் சொல்வாள். "பேசாம உக்காரு" என்று மகளின் வாயைப் பொத்தினேன்.

அவள் மகளின் முகத்துக்கு நேராகக் குனிந்தாள். குரலில் கோபமே இல்லை.

"ஆமா பாப்பா. நான்தான் குடுத்தேன். இனிமே யாரு எதைக் குடுத்தாலும் சட்டுனு வாயில போட்டுக்காத. நல்லா உத்துப் பாத்துட்டுத் தின்னு. உங்கம்மா குடுத்தாலும் பாத்துட்டுத் தின்னு."

அடுத்த நிறுத்தத்தில் இறங்கிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் மகளுக்குக் கொய்யாப்பழம் நறுக்கித் தந்தேன். நல்ல பழம், சந்தையில் அழுத்திப் பார்த்து வாங்கியது. அவள் ஒரு துண்டை எடுத்தாள். திருப்பிப் பார்த்தாள். மோந்து பார்த்தாள். அதை என் வாய்க்கு நேராக நீட்டினாள்.

"நீ மொதல்ல தின்னு" என்றாள்.

தின்றேன். நான் விழுங்கி முடிக்கும் வரை என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.